சிடியில் இல்லாதது

நான் போய்ச் சேர்ந்தபோது கிச்சாவை எடுத்துப் போயிருந்தார்கள்.

பெங்களூர் வண்டி சென்ட்ரலுக்கு வந்ததே தாமதம். ஆட்டோக்காரர் வழி நெடுக வெயிலைத் திட்டிக்கொண்டு வந்தார். மந்தைவெளியில் எங்கள் சந்துக்குள் திரும்பியதும், "இன்னாமா, வூட்டுல விசேஷமா?" என்றார். வாசலில் அவ்வளவு செருப்புகள் கிடந்தன. ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

பழைய வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு தெரியும். கழுவி விட்டிருந்தார்கள். சிவப்புத் தரையில் ஈரம் அங்கங்கே திட்டாகக் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்துச் சாமான்களையெல்லாம் ஓரம் கட்டியிருந்ததால் வீடு காலியாக, யாரோ குடி பெயர்ந்து போன வீடுபோல இருந்தது.

கிச்சா என் அண்ணன். இருபத்தேழு வயது. முந்தின நாள் மத்தியானம் அடையாறிலிருந்து பைக்கில் திரும்பி வந்தவன், சர்தார் படேல் சாலையில் தண்ணி லாரிக்கு அடியில் போய்விட்டான். அக்னி நட்சத்திர வெயிலில் வைத்திருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். முகமும் பார்க்கிற மாதிரி இல்லையாம். எனக்காக ஏன் காத்திருக்க முடியவில்லை என்பதை அப்பா திரும்பத் திரும்ப விளக்கினார். அப்பா பெயர் சுவாமிநாதன். கணக்கு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் காரணத்தோடுதான் சொல்வார். நான் தலையாட்டினேன்.

அழவில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான்.

வந்திருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. "அழுதுடுடி மாளு, உள்ள வெச்சுக்காதே" என்று ஒரு அத்தை என் முதுகைத் தடவினாள். விரலை விட்டு வாந்தி எடுத்துவிடு என்று சொல்வதைப் போல இருந்தது. அம்மா சுவரோரம் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்து, "அவன் ரூமை மட்டும் யாரையும் தொட விடாதே" என்றாள்.

கிச்சாவின் அறை கொல்லைப்பக்கம், கடைசி. கதவைத் திறந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

கறுப்புத் திரை. மேலே ஒரு வரி வெள்ளை எழுத்து. அதன் முனையில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது. உள்ளே வருவது யார், பெயரைச் சொல் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. முந்தின நாள் காலை அவன் கிளம்பியதிலிருந்து அப்படியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

லினக்ஸ். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற சிஸ்டம். தொண்ணூற்றொன்பதில் அதற்காக உயிரை விடுகிற பையன்கள் சென்னையில் ஒரு கூட்டம் இருந்தார்கள். கிச்சாவும் அதில் ஒருவன். அவன் போடும் விதமே தனி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட மாட்டான். முதலில் அடிப்படை மட்டும். படம் கிடையாது, சத்தம் கிடையாது, மௌஸ் கிடையாது. "முதல்ல அதுக்கு உயிர் வரட்டும்டி. கண்ணு, காது, கையெல்லாம் அப்புறம் ஒவ்வொண்ணா வெச்சுக்கலாம்" என்று போன வாரம்தான் எஸ்.டி.டி.யில் சொன்னான். நான் லீவில் வரும்போது முழுசாகத் தயாராக இருக்கும் என்றும் சொன்னான். அந்த மீதிச் சாமான்கள் இருந்த சிடியை வாங்கத்தான் அடையாறில், அந்தக் கூட்டத்தில் இன்னொருவனான சாய்சரண் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த பை நாற்காலியில் இருந்தது. அதற்குள் சிடி. உறையில்கூடக் கீறல் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சொல்வதற்கென்ன.

மறுநாள் கல் ஊன்றினார்கள்.

எங்களில் அது வழக்கம். வாசல் நடைக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, ஒரு சின்னக் கல்லை நட்டு, இறந்தவரை அதில் வந்து இருக்கச் சொல்வார்கள். பத்து நாளும் அந்தக் கல்லுக்கு ஈரத் துணியைப் பிழிந்து நீர் விட்டு, சாத உருண்டை வைப்பார்கள். அதுதான் பிண்டம். கிச்சாவுக்குக் கல்யாணம் ஆகாததால் அப்பாவே செய்தார். பிள்ளைக்கு அப்பா செய்கிற காட்சியைப் பார்க்கக் கூடாது என்று எங்களை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அப்பா ஈர வேட்டியோடு திரும்பி வந்து, ஏதோ ஆபீஸ் விஷயம் சொல்வதைப் போலச் சொன்னார்.

"இன்னிக்கு தலையாம். பண்ணி வைக்கிற வாத்தியார் சொன்னார். ஒவ்வொரு பிண்டத்துக்கும் ஒவ்வொரு அவயவமா அவனுக்கு சரீரம் உண்டாகுமாம். பத்து நாள்ல முழுசாயிடுமாம். அப்புறம் கல்லை எடுத்துட்டா கிளம்பிடுவானாம்."

எல்லோருக்கும் அவனுக்காகச் செய்ய ஏதோ இருந்தது. அப்பாவுக்குப் பிண்டம். அம்மாவுக்கு அழுகை. பாத்திரம் தேய்க்கிற பொன்மணிக்குக்கூட, வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற வேலை. எனக்கு ஒன்றுமில்லை. கொல்லை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவனுடைய கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்தேன். அது எனக்குத் தெரியும். பத்து வருஷமாக எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் வைத்திருந்தான், சோம்பேறி.

சிடியைப் போட்டேன். முதலில் படம்.

லினக்ஸில் ஒன்றைப் போடச் சொன்னால், அது இன்னொன்றைக் கேட்கும். இந்தப் பேக்கேஜ் வேண்டுமானால் முதலில் அந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று திரையில் வரும். அதைப் போடப் போனால், அது வேறொன்றைக் கேட்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்று மட்டும் சிடியில் இல்லை. பெயரை வைத்துத் தேடினேன், ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தேன். இல்லவே இல்லை. சரி, அவ்வளவுதான் என்று எழுந்து போய் மோர் சாதம் சாப்பிட்டேன். திரும்பி வந்து, ஏன் என்று தெரியாமல், அதே கட்டளையை மறுபடி அடித்தேன்.

இந்த முறை அது எதையும் கேட்கவில்லை. # குறிகள் ஒவ்வொன்றாக ஓடி வரிசை நிரம்பியது. திரை ஒரு முறை அணைந்து, சாம்பல் நிறப் பின்னணியோடு எரிந்தது. நடுவில், மௌஸ் அம்பு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பெருக்கல் குறி. மௌஸ் இன்னும் போடவில்லை. ஆனாலும் அந்தக் குறி மெல்ல, கண் திறந்தவன் பார்வையைத் திருப்புவது போல, என் பக்கம் நகர்ந்தது.

முன்னால் பார்க்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். சிடியில் இருந்திருக்கும்.

சாயங்காலம் அம்மாவின் நெற்றியைப் பார்த்தபோது குங்குமம் கறுப்பாக இருந்தது. பொன்மணியின் புடவை, கொல்லைச் செம்பருத்தி, சமையலறை மஞ்சள் டப்பா, எல்லாமே ஒரே சாம்பல். பழைய தூர்தர்ஷன் படம் பார்ப்பதைப் போல இருந்தது. துக்கத்தில் இப்படியும் ஆகும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வருத்தமாகக்கூட இல்லை. இப்போது யோசித்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்க வேண்டும், அதுவும் இல்லை.

அடுத்து சத்தம்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. முகத்தைத்தான் பார்க்கவில்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறை, அவன் இருக்கிறான் என்று ஏதாவது தெரிய வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. படித்த பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இப்படியா நினைப்பாள் என்பார்கள்.

சவுண்டு கார்டுக்கான பேக்கேஜும் சிடியில் இல்லாத ஒன்றைக் கேட்டது. இந்த முறை நன்றாகவே தேடினேன். இல்லை. அதே கட்டளையை இரண்டாம் முறை அடித்தேன். வரிசை நிரம்பியது.

சோதனைக்கு ஒரு ஒலியைப் போட்டுக் காட்டும். போட்டது. ஸ்பீக்கரின் பச்சை விளக்கு எரிந்தது, கூம்புத் துணி துடித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒயரை அசைத்துப் பார்த்தேன். துணி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. சோதனை ஒலி எப்போதோ முடிந்திருக்க வேண்டும். துணி மட்டும் உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போய், வெளியே வந்தது.

மூச்சு விடுவதைப் போல.

கதவு திறந்தது. அம்மா. எழுந்து உட்கார்ந்தே இரண்டு நாள் ஆனவள், சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கே வரை வந்திருந்தாள்.

"மாளு" என்று வாயசைத்தாள். காதில் தண்ணீர் புகுந்துகொண்ட மாதிரி, எங்கிருந்தோ கேட்டது. "அவன் இருமறாண்டி."

"எங்கே?"

"இங்கேதான். உனக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்றேன். அம்மா ஸ்பீக்கரைச் சுட்டிக் காட்டினாள். பிறகு தரையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டாள். அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"தாகமா இருக்காம்" என்றாள்.

அன்று முதல் என் இடது காது போய்விட்டது. வலது காதில், கிட்டே வந்து பேசினால் கேட்கும். அறையில் ஒரு வாசனை மட்டும் இருந்தது. அதை நான்தான் முதலில் கவனித்தேன். வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் தண்ணீரைக் கொட்டினால் வருமே, அந்த வாசனை.

அதன் பிறகு அம்மா அந்த அறையிலேயே இருந்தாள். வாசலில் அப்பா ஈரத் துணியைப் பிழிவார். உள்ளே நான் விசைப்பலகையைத் தட்டுவேன். அவர் தோள் என்று சொல்லிவிட்டு வந்த அன்று நான் எழுத்துருக்களைப் போட்டேன். மார்பு என்ற அன்று திரையில் ஜன்னல்களைத் திறந்து மூடுகிற சாமானைப் போட்டேன். நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. யோசித்துப் பார்க்கவும் இல்லை. சிடியில் அடுத்தது எதுவோ அதைப் போட்டேன்.

மௌஸ் போட்டு முடித்த காலையில், சமையலறையில் பொன்மணி கத்தியது எனக்கே கேட்டது.

"இன்னாமா பண்ணிகினு கீற! கைய எடுமா! கைய எடு!"

அடுப்பிலிருந்து பால் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தேன். துணி பிடிக்காமல், வெறுங்கையால். உள்ளங்கை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொன்மணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, குழாயடியில் வைத்தாள். தோல் வெள்ளையாக உரிந்து வந்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்கலையா பாப்பா?"

"இல்லை."

"தண்ணியாச்சும் ஜில்லுனு தெரியுதா?"

யோசித்தேன். "இல்லை."

பொன்மணி சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்து வருகிறவள். வாயாடி. கிச்சாவோடு தினமும் ஏதாவது வம்பு வளர்ப்பாள். என் முகத்துக்கு எதிரே கையை ஆட்டிப் பார்த்தாள். பிறகு வலது காதருகே குனிந்து, "அந்த ரூமுக்கு நீ போவாத. நா கூட்டப் போனப்போ அந்த நாற்காலி சுட்டுகினு இருந்திச்சு. யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாரி" என்றாள்.

நான்தான் உட்கார்ந்திருப்பேன் என்றேன்.

"நீ உக்காந்தா எப்படிமா சுடும்? ஒன் ஒடம்பே சில்லுனு கீது."

மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் கட்டுப் போட்டாள். கட்டுப் போட்டது தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அறைக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அது ஒரு நினைப்பாக மட்டும் இருந்தது. திரையில் டெஸ்க்டாப் முழுசாக வந்திருந்தது. கீழே பட்டை, ஓரத்தில் படங்கள், எல்லாம் அழகாக. நான் மூடிவிட்டுப் போன ஜன்னல்கள் திறந்திருந்தன. அம்மா தரையில் உட்கார்ந்து, என்னிடம் பேசுவதைப் போல அந்தத் திரையிடம் பேசிக்கொண்டிருந்தாள். பேசுவாள், நிறுத்துவாள், சிரிப்பாள். பதிலுக்குக் காத்திருப்பாள். கிடைத்துவிடும் போலிருக்கிறது.

அம்மாவுக்குக் கேட்கிறது. அம்மாவுக்குத் தெரிகிறது. நான்தான் போட்டேன். எனக்குத்தான் ஒன்றும் இல்லை.

ஜன்னல்களை மூடி, மானிட்டரை அணைத்தேன். திரை இருண்டதும், கண்ணாடியில் அறை பிரதிபலித்தது. அலமாரி, கதவு, தரையில் அம்மா.

நாற்காலி காலியாக இருந்தது.

நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கையைத் தூக்கி ஆட்டினேன். கட்டுப் போட்ட கை கண்ணெதிரே ஆடியது. கண்ணாடியில் காலி நாற்காலி. அப்போது, பயத்தால் அல்ல, அப்பாவின் பெண் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படத்துக்கு நிறம் போயிற்று. சத்தத்துக்குக் காது. மௌஸுக்குத் தொடுகை. சிடியில் இல்லாததெல்லாம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கியது. மிச்சம் கொஞ்சம்தான் இருக்கிறது என்பதும்.

"இன்னும் என்னடி பாக்கி?" என்று அம்மா என் வலது காதில் கேட்டாள்.

"போதும்மா."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. எழுந்து நடமாடிடுவான்."

"அம்மா, எனக்குக் கை வெந்தது தெரியலை. பார்த்தியா?" கட்டை நீட்டிக் காட்டினேன்.

அம்மா பார்த்தாள். அன்பில்லாதவள் இல்லை. எனக்கு அம்மை போட்டபோது இருபது நாள் தூங்காதவள். கட்டின்மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே, "நீ எப்பவுமே கெட்டிக்காரி. எப்படியாவது சமாளிச்சுப்பே" என்றாள்.

பத்தாம் நாள் காலையில் அப்பா அறை வாசலில் வந்து நின்றார். இத்தனை நாளில் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஈர வேட்டி, தர்ப்பை மோதிரம், தளர்ந்த முகம். மாமரத்துக் காக்கைகள் ஒரு நாள்கூடப் பிண்டத்தைத் தொடவில்லையாம். உருண்டைகள் அப்படியே காய்ந்து கிடந்தனவாம். வாத்தியார் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு நாளும் தண்ணீரில் விட்டிருக்கிறார்.

"நம்மாத்துக்குள்ளயே வேற எங்கேயோ அவனுக்குக் கிடைச்சிண்டிருக்கான்னு வாத்தியார் கேக்கறார்" என்றார் அப்பா, என் காதருகே. "நீ உள்ள என்ன பண்ணிண்டிருக்கே?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். நம்ப மாட்டார் என்று நினைத்தேன். அவர் கட்டுப் போட்ட கையை எடுத்து, மோதிரத்தின் முனையால் விரல் நுனியில் குத்தினார். ரத்தம் வந்தது. நான் சும்மா நின்றேன். அப்பாவின் வாய் கோணியது. அன்றைக்குத்தான் அவர் அழுவதை முதலில் பார்த்தேன்.

"இன்னிக்குப் பெரிய படையல். சரீரம் முழுசாயிட்டா முதல்ல வர்றது பசிதானாம். அந்தப் பசியைத் தீர்த்து, கல்லை எடுத்து, அனுப்பணும். அதுக்கு முன்னாடி இதை நிறுத்திடு மாளு. ஒரு பிள்ளை போனது போறும்."

"வேண்டாம்" என்று அம்மா எழுந்தாள். "இருக்கானே! நீங்களும் வந்து கேளுங்கோ. இருக்கானே!"

அப்பா கேட்கவில்லை. கேட்டுவிடுவோமோ என்று பயந்தவர் போல, வேகமாக வாசலுக்குத் திரும்பிப் போனார்.

நான் உட்கார்ந்தேன். லினக்ஸை வெறுமனே ஸ்விட்சை அணைத்து நிறுத்தக் கூடாது. நிறுத்து என்று கட்டளை கொடுத்தால், அதுவே உள்ளே ஓடுகிறவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி என்று போடும். கட்டளையை அடித்தேன். விரல் சாவியில் படுவது தெரியாததால், பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தது.

டெஸ்க்டாப் போயிற்று. கறுப்புத் திரை. ஒலி நிறுத்தப்படுகிறது, சரி. மௌஸ் நிறுத்தப்படுகிறது, சரி. ஒரு வரியில் மட்டும் நின்றது.

சரி வரவில்லை.

ஸ்பீக்கர் துணி வேகமாக உள்ளே போய் வந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "கத்தறான்டி, கத்தறான்டி" என்றாள். எனக்கு நிசப்தம். தார் வாசனை தொண்டையை அடைத்தது. என் தலைமயிரிலிருந்து நீர் விசைப்பலகையில் சொட்டுவதைப் பார்த்தேன். மேலே நிமிர்ந்து பார்த்தேன். உத்தரம் காய்ந்துதான் இருந்தது.

போடா கிச்சா, என்றேன். அதுதான் நான் அவனிடம் பேசிய கடைசி வார்த்தை.

சரி என்று வந்தது. சிஸ்டம் நின்றுவிட்டது என்று வந்தது. கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தேன். கம்ப்யூட்டர் விசிறியின் சுற்று குறைந்து குறைந்து நின்றது. துணி அசையவில்லை. வாசனையும் போய்விட்டது.

வாசலில் கல்லைப் பிடுங்கினார்கள்.

நான் காத்திருந்தேன். இனி ஒவ்வொன்றாகத் திரும்ப வரும் என்றுதான் எண்ணம். நிறம் வரும், காது வரும், கை வலிக்கும், அப்புறம் அழுகையும் வரும். அப்பா திரும்பி வந்து தலை துவட்டும் வரை காத்திருந்தேன். படையல் சாதம் மலையாகக் குவித்து வைத்தும் ஒரு காக்கை இறங்கவில்லை, ஆனாலும் முறைப்படி எல்லாம் முடிந்துவிட்டது என்றார். "ஆயிடுத்து. கிளம்பிட்டான்" என்று கூடத்துத் தூணில் சாய்ந்தார். பல நாள் கழித்து அவருக்குக் கண் சொக்கியது.

அம்மாவின் குங்குமம் கறுப்பாகவே இருந்தது. கை மரத்தே கிடந்தது. ஒன்றும் திரும்ப வரவில்லை.

பசி மட்டும் வந்தது.

அப்படி ஒரு பசியை நான் அறிந்ததில்லை. வயிற்றில் ஆரம்பித்து, விலா, தோள், கழுத்து என்று உடம்பு முழுக்க நிரம்பியது. பத்து நாளாக ஒரு பிடி கொறித்து எழுந்தவள், சாப்பாடு போடுங்கள் என்று கூடத்துக்கு வந்து நின்றேன். அப்பா கண்ணைத் திறந்து, "கேட்டு வாங்கிச் சாப்பிடறாளே, பகவானே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை இலை போட்டாள்.

அம்மாதான் பரிமாறினாள். காலையில் அறையில் கிடந்து கதறியவள், முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்திருந்தாள். சாதம் போட்டாள். நான் சாப்பிட்டேன். மறுபடி போட்டாள். வெந்த கையால்தான் பிசைந்து சாப்பிட்டேன். கட்டு அவிழ்ந்து, சாதத்தில் மஞ்சள் கலந்தது. நிறுத்தலாம் என்று நினைத்தேன். கை நிற்கவில்லை. இன்னொரு பிடி, இன்னொரு பிடி என்று அது போய்க்கொண்டே இருந்தது. கொல்லை வாசலில் பாத்திரத்தோடு நின்ற பொன்மணி, என்னைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள். கால் பின்னால் போயிற்று. கதவைத் திறந்துகொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

அம்மா ரசப் பாத்திரத்தோடு குனிந்தாள். முகத்தில் குழப்பமில்லை, கண்ணீரில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை. என் காது கேட்காத பக்கத்தில் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாத குரலில் கேட்டாள். எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

"கிச்சா, ரசம் விடட்டுமா?"

நான் மாளவிகா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் மெல்லுவதை நிறுத்தவில்லை.

என் கை, இலையில் இருந்த சாதத்தின் நடுவே குழி பறித்துவிட்டு, ரசத்துக்காகக் காத்திருந்தது.